கம்பெனி ஷாக்கே போதுமா, பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றிவிடலாமா?

நெடுவழிக்காரன்

வணக்கம். வண்டியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அந்த வண்டி நல்லதா கெட்டதா என்ற பக்கம் பேச்சு ஓடிவிடும். நடுத்தர எடை டூரிங் வண்டி, முழு டேங்க்கோடு 210 கிலோ சொச்சம், பின்னால் ஒற்றை ஷாக், கீழே லிங்கேஜ் (ஷாக்கைப் பின்சக்கரத்தின் கையோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பு). ஓடோமீட்டர் 38,000 கி.மீ. தாண்டிவிட்டது, ஷாக் இன்னும் கம்பெனியில் வந்ததுதான். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து நான் 100 கிலோ. பாதி நேரம் மனைவியும் வருவார், அவர் 60.

பிரச்சினை இதுதான். நீண்ட வளைவில் சாலை லேசாக அலை போட்டிருந்தால் பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுவதோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பையும் கட்டினால் வேகத்தடையில் டங்கென்று ஒரு அடி. சரி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போல என்று பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ரிங்கை, கிட்டத்தட்டக் கடைசிவரை ஏற்றி வைத்திருக்கிறேன். ஆனால் தனியாகப் போகும்போது சின்ன வெடிப்பு, ஒட்டுப்போட்ட தார் எல்லாம் நேராக முதுகில் வந்து குத்துகிறது. ஒரே ஷாக் தொளதொளவென்றும் கட்டையாகவும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்?

இப்படியே ஓட்டலாம், ஸ்பிரிங் மட்டும் மாற்றலாம், இல்லை தனி ஆயில் டேங்க்கும், சரிசெய்யும் எல்லாத் திருகும் உள்ள முழு ஷாக் வாங்கிவிடலாம். ரேஸ் டிராக் பக்கம் நான் போவதில்லை. எது சரி?

ரெட்லைன்

38,000 ஓடிய கம்பெனி ஷாக்கில் என்ன மிச்சம் இருக்கும்? நல்ல ஷாக் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், மாட்டிய அன்றே வேறு வண்டி மாதிரி இருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்பேனர்செட்

ரெட்லைன் சொல்வது கடைசியில் சரியாகவே அமையலாம், ஆனால் அளக்காமல் வாங்கினால் தவறான ஸ்பிரிங்கோடு ஒரு விலை உயர்ந்த ஷாக் வந்து உட்காரும், அவ்வளவுதான். நான் பார்த்த 'அப்கிரேடு' செய்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதோடு சரி, ஓட்டுபவரின் எடையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் டயரில் காற்று, குளிர்ந்த நிலையில், கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. அப்புறம் ஒரு டேப்பும் துணைக்கு ஒரு ஆளும். பின்சக்கர ஆக்சிலிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு இடத்தில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். மூன்று அளவு வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரம் தொங்கும்போது ஒன்று. வண்டி இரண்டு சக்கரத்தில் தானாக நிற்கும்போது ஒன்று. நீங்கள் முழு உடையோடு ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, வழக்கமாக ஓட்டும் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது ஒன்று (முன்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்). மனைவியும் ஏறியபின் நாலாவதாக ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள். வண்டியைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டு ஒருமுறை, வாலைப் பிடித்துத் தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறை. இரண்டின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எண்களைப் போடாதீர்கள்.

தொங்கும் அளவிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் ஸேக், அதாவது எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பது. ஆள் உட்கார்ந்தபின் சக்கரத்தின் மொத்த நகர்ச்சியில் 30 சதவீதம் சுமாராக அமுங்க வேண்டும், அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. வெறும் வண்டி தன் எடையில் 10 மி.மீ. சுற்றி அமுங்கினால் போதும். உங்கள் வண்டியில் சக்கர நகர்ச்சி எவ்வளவு, ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது அமுங்கும் தூரம்) எவ்வளவு, ஸ்பிரிங் மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் என்று சர்வீஸ் மேனுவலில் இருந்தால் அதையும் போடுங்கள்.

பின்சீட்டு

நான் ஓட்டுவதும் உண்டு, பின்னால் உட்காருவதும் உண்டு. பின்னால் உட்காருபவர் தரப்பிலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிப் பேச்சில் அவரை யாரும் கேட்பதில்லை. மனைவியிடம் கேளுங்கள்: மேட்டில் ஏறும்போது அடி விழுகிறதா, ஏறி இறங்கியபின் சீட் மேலே உதைத்துத் தூக்குகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பின்சீட்டு கிட்டத்தட்ட சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் அந்த உதை ஓட்டுபவருக்குப் பாதிகூடத் தெரியாது. உதைத்தால் ரீபவுண்ட் டேம்பிங் (அமுங்கிய ஷாக் எழும் வேகத்தை அடக்குவது) போய்விட்டது என்று அர்த்தம், ஸ்பிரிங்கை மாற்றினால் அது அடங்காது, இன்னும் கூடும்.

ரெட்லைன்

> நான் பார்த்த 'அப்கிரேடு' செய்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்

பிரீலோடைக் கடைசிவரை ஏற்றியும் அடிக்கிறது என்கிறார். ஏற்ற ஏற்ற ஸ்பிரிங் கடினமாகும், அந்தக் கடினமும் போதவில்லை என்றால் ஷாக் செத்துவிட்டது. டேப் எதற்கு?

ஸ்பேனர்செட்

ஸ்பிரிங் கடினமாகாது. 80 நியூட்டன் ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு மி.மீ. அமுங்கவும் 80 நியூட்டன் கேட்கும். முதல் மில்லிமீட்டரிலும் 80, நாற்பதாவதிலும் 80. பிரீலோட் ஏற்றும்போது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறீர்கள், அதனால் எடையைத் தாங்கும் இடம் மேலே நகர்கிறது, வண்டி உயரமாக நிற்கிறது. அதற்கப்புறம் ஒரு மேடு வந்தால் அதே 80-தான். சுருள்களுக்கு நடுவில் இடைவெளி மாறி மாறி வரும் புரோகிரஸிவ் ஸ்பிரிங்குக்கு மட்டும் இது கொஞ்சம் வேறு.

கடினமான மாதிரி தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அளவுக்கு மேல் ஏற்றினால் வெறும் வண்டி துளிகூட அமுங்காது. லேசான ஆள் ஏறினால் ஸ்பிரிங் அசையவே மறுக்கும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடமும் இருக்காது.

பழைய_செயின்

எனக்கு இரட்டை ஷாக் வண்டி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா? அஞ்சு படி ரிங் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்பேனர்செட்

பொருந்தும் அண்ணா, அதே டேப், அதே கணக்கு. இரண்டு பக்கமும் ரிங் ஒரே படியில் இருக்க வேண்டும், கொக்கி ஸ்பேனரால் திருப்பும்போது ஒரு பக்கம் ஒரு படி தாண்டிவிட்டால் கவனிக்கத் தவறிவிடுவோம். ஒரு ஷாக் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று நீளமான ஷாக் மட்டும் வேண்டாம், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் ரப்பரைச் செயின் தேய்க்க ஆரம்பிக்கும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும்.

நெடுவழிக்காரன்

அளந்துவிட்டேன். மேனுவலில் சக்கர நகர்ச்சி 130 மி.மீ., ஷாக் ஸ்ட்ரோக் 60, ஸ்பிரிங் 80 நியூட்டன். பிரீலோட் கடைசிக்கு ஒரு படி முன்னால்.

வெறும் வண்டி 5 மி.மீ. நான் மட்டும் ஏறினால் 41. மனைவியும் ஏறினால் 72. இரண்டு பேரும், 15 கிலோ பையும் சேர்ந்தால் 81.

நான் மட்டும் உட்காரும்போது 41 என்பது நீங்கள் சொன்ன 30 சதவீதக் கணக்குக்குள் வருகிறதே, அப்படியென்றால் ஸ்பிரிங் சரியா? ஒரு விஷயம் புரியவில்லை. கீழே அழுத்தி விட்டு எடுத்ததற்கும் தூக்கி விட்டு எடுத்ததற்கும் நடுவில் 11 மி.மீ. வித்தியாசம் வந்தது. டேப்பை வளைத்துப் பிடித்துவிட்டேனோ என்று திரும்ப எடுத்தும் அதேதான். பின்சீட்டு கேட்டதை வீட்டில் கேட்டேன்: உதைக்கிறது, அதிலும் தொடர்ந்து மேடு வந்தால் அதிகம் என்கிறார்.

ஸ்பேனர்செட்

சரியான கேள்வி. இந்த இடத்தில் பலரும் ஏமாந்துபோவார்கள். ஆளோடு அளவு சரி, ஆனால் வெறும் வண்டி 5 மி.மீ. மட்டுமே அமுங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லிசு. மெல்லிசான ஸ்பிரிங்கை வைத்து 100 கிலோவைத் தூக்கி நிறுத்த பிரீலோடைக் கடைசிவரை ஏற்ற வேண்டியிருந்தது, ஆள் இறங்கியதும் அந்த இறுக்கம் வண்டியை மேலே தள்ளிவிடுகிறது. இதுவே தலைகீழாக, ஆளோடு 40 சரியாக வந்து வெறும் வண்டியே 25 அமுங்கினால் ஸ்பிரிங் கனம். கேட்டவுடன் மாற்றிச் சொல்வதுபோல் இருக்கும், ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

கணக்கு: சக்கரம் 130 நகர்ந்தால் ஷாக் 60 நகர்கிறது, விகிதம் சராசரியாக 2.17. ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்தில் எவ்வளவு தெரியும் என்றால் அந்த விகிதத்தை வர்க்கம் ஆக்கி வகுக்க வேண்டும். 80-ஐ 4.7-ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 17 நியூட்டன். உங்கள் 100 கிலோவில் பின்சக்கரத்தில் 60 கிலோ சொச்சம் விழும், 600 நியூட்டன், அதை 17-ஆல் வகுத்தால் 36 மி.மீ. உங்கள் அளவிலும் 41-ல் 5 போனால் 36. மனைவியின் எடை கிட்டத்தட்ட முழுதும் பின்னால், அது 31. இதுவும் பொருந்துகிறது. (லிங்கேஜ் அமுங்க அமுங்க விகிதம் மாறும், அதனால் இது சுமார்க் கணக்குதான்.)

பையோடு 81 போய்விட்டது, மிச்சம் 49. அதில் கடைசிப் பகுதியில் தடுப்பு ரப்பர் வேறு இருக்கிறது. டங்கென்று அடிக்காமல் என்ன செய்யும்!

100 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் சக்கரத்தில் மி.மீ.க்கு 21. வெறும் வண்டியை 10-ல் நிறுத்தினால் உங்களோடு 38, மனைவியோடு 63, பையோடு 70. இதில் பிரீலோடை 7 மி.மீ. ஏற்றினால் சக்கரத்தில் 15 மி.மீ. உயரும், 55-க்கு வந்துவிடும். ஏற்ற இடமும் இருக்கும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங்கில் பிரீலோட் கடைசிப் படிக்குப் பக்கத்தில் இருக்காது.

ஆயில்சீல்

என் தொழிலே ஷாக் பிரித்துச் சேர்ப்பது. ஸ்பேனர்செட் கணக்கு சரி, ஆனால் அந்த 11 மி.மீ.யை யாரும் தொடவில்லை. அதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய துப்பு.

நல்ல நிலையில் உள்ள வண்டியில் அந்த வித்தியாசம் நாலைந்து மி.மீ. இருக்கும், எல்லாச் சீலும் புஷ்ஷும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். 11 என்றால் எங்கோ உலோகம் உலோகத்தைப் பிடிக்கிறது. தனியாகப் போகும்போது சின்ன வெடிப்புகூடக் குத்துகிறது என்றீர்களே, அந்தக் கட்டைத்தனம் ஸ்பிரிங்கிலிருந்தோ டேம்பிங்கிலிருந்தோ வந்திருக்காது. சின்ன மேட்டின் விசை அந்தப் பிடிப்பைத் தாண்டும் அளவுக்கு இல்லை, அதனால் ஷாக் நகராமல் அடி நேராகச் சட்டத்துக்குப் போகிறது. பெரிய மேட்டில் பிடிப்பை உடைத்துக்கொண்டு நகர்ந்தால், அங்கே அடக்க டேம்பிங் இல்லை. தொளதொள, கட்டை, இரண்டும் ஒரே வண்டியில் இப்படித்தான் வரும்.

செய்ய வேண்டியது: பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் லிங்க் போல்ட்டையும் கழற்றுங்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துக்கொண்டு, இல்லையென்றால் ஸ்விங் ஆர்ம் பொத்தென்று விழும். இப்போது ஸ்விங் ஆர்மை மட்டும் கையால் மேலே கீழே ஆட்டுங்கள், எங்கும் தடங்காமல் போக வேண்டும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. அப்புறம் லிங்கேஜில் சுழலும் நெம்புகோலான ராக்கரைத் தனியாகச் சுழற்றுங்கள். அதன் உள்ளே ஊசி பேரிங்குகள் இருக்கும். சக்கரம் வீசும் சேறும் தண்ணீரும் நேராக அங்கேதான் விழுகின்றன, பல வண்டிகளில் அங்கே கிரீஸ் நிப்பிளும் கிடையாது. ஆயில் மாற்ற வரும் வண்டியில் யாரும் அதைத் திறப்பதில்லை.

ஷாக்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், கையில் வேலை இருக்கிறது.

ரெட்லைன்

அப்படியென்றால் நான் சொன்னபடி ஷாக் வாங்கி மாட்டியிருந்தாலும் அந்தக் குத்தல் போயிருக்காது என்கிறீர்களா?

ஆயில்சீல்

போயிருக்காது. மாட்டும் ஆள் நல்லவராக இருந்து, போல்ட்டைக் கழற்றும்போது ராக்கர் பிடிப்பதைக் கவனித்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

சரி, ஷாக்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்டின் முனையில் பிஸ்டன், பிஸ்டனில் துளைகள், துளைகளை மூடி மெல்லிய எஃகுத் தட்டுகள் அடுக்கடுக்காக. தண்டு நகரும்போது ஆயில் அந்தத் தட்டுகளை வளைத்துக்கொண்டுதான் போக வேண்டும், அந்த எதிர்ப்பே டேம்பிங். தண்டு மெதுவாக நகரும்போது ஆயில் வேறொரு சின்ன வழியாகவும் போகும், நீங்கள் வெளியே திருப்பும் திருகு பெரும்பாலும் அந்தச் சின்ன வழியைத் திறக்கிறது, மூடுகிறது. விலை கூடிய ஷாக்கில் 'மெதுவேகம், அதிவேகம்' என்று இரண்டு கம்ப்ரஷன் திருகு (ஷாக் அமுங்குவதை அடக்குபவை) இருக்கும். அது வண்டியின் வேகம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அது தண்டு நகரும் வேகம். மணிக்கு 20 கி.மீ.யில் ஓரம் கூர்மையான குழியில் இறங்கினாலும் அது அதிவேகம்தான், 100-ல் நீண்ட வளைவில் அமுங்குவது மெதுவேகம்.

ஆயிலுக்குப் பின்னால் நைட்ரஜன். நல்ல ஷாக்கில் மிதக்கும் பிஸ்டனோ ரப்பர்ப் பையோ இரண்டையும் பிரித்து வைக்கும், வாயு 10 பார் சுமாராக அழுத்திக்கொண்டே இருப்பதால் ஆயில் நுரைக்காது. மலிவான வகையில் வாயுவும் ஆயிலும் ஒரே குழாயில். கரடுமுரடான சாலையில் விடாமல் ஓட்டினால் சூடேறி ஆயில் நீர்த்துவிடும், நுரையும் சேரும், காலையில் நன்றாக இருந்த வண்டி மத்தியானம் குதிக்கும். ஆறியதும் பழையபடி ஆகிவிடுவதால் பலர் சாலையைத்தான் திட்டுவார்கள்.

இத்தனை ஓடிய கம்பெனி ஷாக்கைத் திறந்தால் ஆயில் கறுத்து, பிஸ்டன் வளையமும் குழாயும் தேய்ந்த தூள் கலந்து சாம்பல் நிறத்தில் மினுங்கும். நாற்றமும் அடிக்கும். தண்டில் இருக்கும் தடுப்பு நுரை ரப்பரை விரலால் கிள்ளினால் உதிரும், உள்ளே அது இல்லாமலேகூட வண்டி வரும். வீட்டில் யாரும் திறக்க வேண்டாம், அழுத்தத்தோடு மூடி பறந்தால் கண் போய்விடும்.

நெடுவழிக்காரன்

மெக்கானிக்கோடு உட்கார்ந்து பிரித்தோம். ஆயில்சீல் சொன்னது அப்படியே. ஸ்விங் ஆர்ம் தடங்காமல்தான் மேலே கீழே போகிறது. ராக்கரின் நடு பேரிங் கையால் சுழலவில்லை, ஸ்பேனர் பிடியை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. புஷ்ஷை வெளியே தட்டினால் செந்நிறத் தூள், கிரீஸ் மெழுகாகக் காய்ந்து ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. புஷ்ஷின் ஒரு பக்கத்தில் மட்டும் ஊசிகள் பதிந்து வரிவரியாகக் கோடு, நகத்தால் தடவினால் படிப்படியாகத் தட்டுப்படுகிறது. அந்தப் பேரிங்கும் புஷ்ஷும் சீலும் புதிது, மற்றவற்றுக்குத் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ்.

சேர்த்தபின் அழுத்தி விட்டதற்கும் தூக்கி விட்டதற்கும் 3 மி.மீ.தான் வித்தியாசம். தனியாக ஓட்டும்போது இருந்த குத்தல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் வளைவில் ஆட்டம் முன்பைவிடக் கூடியிருக்கிறது!

ஸ்பேனர்செட்

கூடத்தான் செய்யும். அந்தத் துருப்பிடித்த பேரிங்தான் இத்தனை நாள் உங்களுக்கு டேம்பிங் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஷாக்கின் உண்மையான நிலை தெரிகிறது.

சீட்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி. மேலே போய்த் தாண்டித் திரும்ப இறங்கினால் ரீபவுண்ட் போய்விட்டது. ரொம்ப நிதானமாக ஊர்ந்து எழுந்தால் ரீபவுண்ட் அதிகம், அதுவும் ஆபத்து, தொடர் மேடுகளில் எழ நேரம் கிடைக்காமல் அமுங்கி அமுங்கிக் கடைசியில் கட்டையாகிவிடும்.

நெடுவழிக்காரன்

தாண்டித் திரும்ப இறங்குகிறது. ரீபவுண்ட் திருகு ஒன்று இருக்கிறது, முழுதும் மூடினாலும் வித்தியாசம் தெரியவில்லை.

ரெட்லைன்

ஆக, நான் முதலில் சொன்னதுதான். ஷாக் செத்தது. மாற்றுங்கள். :)

ஸ்பேனர்செட்

ஆமாம், விடை உங்களுடையது, வழிதான் வேறு. இப்போது எந்த ஸ்பிரிங் என்று தெரிந்து வாங்குகிறார், துருப்பிடித்த லிங்கேஜில் மாட்டவில்லை.

பழைய_செயின்

நடுவில் ஒரு வம்பு. கம்பெனி ஷாக் என்றாலே மட்டம் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஷோவா, கேஒய்பி இரண்டும் கம்பெனி வண்டிகளுக்கும் செய்கின்றன, ரேஸ் வண்டிகளுக்கும் செய்கின்றன. கம்பெனி ஒரு விலைக்குள், ஒரு சராசரி ஆளை நினைத்துக் கேட்கிறது, அதன்படி செய்து கொடுக்கிறார்கள். அந்தச் சராசரி ஆளாக நீங்கள் இருந்தால் கம்பெனி ஷாக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஒற்றை ஷாக்கே ரேஸிலிருந்து வந்ததுதான். பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் யோசனையை யமஹா எடுத்துக்கொண்டு 1973-ல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை ஹோகான் ஆண்டர்சன் மூலம் வென்றது. அப்புறம்தான் ஹோண்டா புரோ-லிங்க், கவாஸாகி யூனி-டிராக், சுசுகி ஃபுல் ஃப்ளோட்டர் என்று லிங்கேஜ் வரிசை. ஸ்வீடனில் 1976-ல் தொடங்கிய ஷாக் நிறுவனம் ஓலின்ஸும் மோட்டோகிராஸில்தான் பெயர் எடுத்தது. அதன் தங்க நிறத்தைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ச்சி.

மழைச்சக்கரம்

எனக்குத் தொடர்புள்ள கேள்வி. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சாதாரண ஷாக் போடலாமா?

ஆயில்சீல்

போடலாம், ஆனால் வண்டியின் கணினி பழைய ஷாக்கைத் தேடி டேஷில் பிழை காட்டும், அதை ஏமாற்ற ஒரு போலி இணைப்பான் வேண்டும். சில வகை எலக்ட்ரானிக் ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்யவும் முடியும், முதலில் அதைக் கேளுங்கள்.

நெடுவழிக்காரன், உங்கள் ஷாக்கின் மேல்மூடி கம்பி வளையத்தில் நிற்கிறதா, விளிம்பை மடித்து அடைத்திருக்கிறார்களா? வளையம் என்றால் பிரித்து, ஆயில், சீல், நுரை ரப்பர் புதிதாகப் போட்டு, தட்டு அடுக்கையும் உங்கள் எடைக்கு மாற்றி, 100 நியூட்டன் ஸ்பிரிங் மாட்டினால் நீங்கள் ஓட்டும் விதத்துக்குத் தாராளமாகப் போதும். மடித்து அடைத்தது என்றால் குழாயைக் கடைசல் பிடித்து மூடி செய்ய வேண்டும், அந்தச் செலவுக்குப் புதிதே மேல்.

நெடுவழிக்காரன்

மடித்து அடைத்தது. அப்படியானால் புதிது. தனி டேங்க், நாலு திருகு உள்ளதா, இல்லை எளியதா?

ரெட்லைன்

முழுசாக வாங்குங்கள். ஒருமுறைதான் வாங்கப்போகிறீர்கள்.

ஆயில்சீல்

திருகு கூடக் கூட, கெடுத்து வைக்கும் வழியும் கூடும். என்னிடம் 'புது ஷாக் சரியில்லை' என்று வருவதில் கணிசமானது, கம்ப்ரஷனை முழுதும் மூடி ரீபவுண்டை முழுதும் திறந்து வைத்திருப்பவைதான். ரீபவுண்ட் திருகு ஒன்று, உள்ளே பிரிக்கும் பிஸ்டன், பிரித்துச் சேர்க்கும்படி உடல், உங்கள் எடைக்கு ஸ்பிரிங். இது போதும். தனி டேங்க்கால் ஆயில் அளவு கூடும், சூடு தாங்கும். பாரம் ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் மண்பாதையில் போவதென்றால் வாங்கலாம்.

பின்சீட்டு

டேங்க்கில் மிச்சம் பிடிப்பதை, கையால் திருப்பும் ஹைட்ராலிக் பிரீலோட் குமிழில் போடுங்கள். இவருக்குத் தனியாக 38, இரண்டு பேருக்கு 63. தினமும் ஆள் எண்ணிக்கை மாறும் வண்டி. கொக்கி ஸ்பேனரைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் கையை விட்டு ரிங்கைத் திருப்ப யாருக்கும் பொறுமை இருக்காது. குமிழ் இருந்தால் நான் ஏறுவதற்குள் திருப்பிவிடலாம். எங்கள் வண்டியில் இதற்கப்புறம்தான் இருவர் பயணம் பயணமாக இருக்கிறது.

ரெட்லைன்

அது நியாயம். அப்படியே 12 மி.மீ. நீளம் கூடிய ஷாக்காக வாங்குங்கள், வண்டி சட்டென்று திரும்பும்.

ஸ்பேனர்செட்

வேண்டாமே. 12 மி.மீ. ஷாக்கில் என்றால் விகிதப்படி சக்கரத்தில் 26 மி.மீ. 1,400 மி.மீ. வீல்பேஸில் பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால் முன்ஃபோர்க்கின் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி செங்குத்தாகும், டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஆறு மி.மீ. அளவுக்குக் குறையும். திரும்புவது சுலபமாகும், சரிதான். ஆனால் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஹேண்டில் லேசாகி நடுங்க இடம் கொடுக்கும், கால் எட்டுவதும் கஷ்டம். சரியான ஸ்பிரிங் போட்டாலே ஆள் ஏறியபின் பின்பக்கம் இப்போது அமுங்கி நிற்பதைவிட உயரமாகத்தான் நிற்கும், அதை முதலில் ஓட்டிப் பார்க்கட்டும்.

நெடுவழிக்காரன்

சரி, கம்பெனி நீளமே, 100 நியூட்டன் ஸ்பிரிங், ரீபவுண்ட் திருகு, ஹைட்ராலிக் குமிழ், டேங்க் கிடையாது. ஆர்டர் சொல்லிவிட்டேன். மாட்டியதும் எங்கிருந்து தொடங்குவது?

ஆயில்சீல்

குமிழை முழுதும் தளர்த்திய நிலையில், மெயின் ரிங்கால் உங்களோடு 38-ஐக் கொண்டுவாருங்கள், வெறும் வண்டி 10 பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். குமிழ் முழுதும் மனைவிக்கும் பைக்கும் மிச்சம் இருக்கும்.

ரீபவுண்டை முழுதும் மூடி, அங்கிருந்து திறந்துகொண்டு எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். தயாரிப்பாளர் சொன்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரே சாலையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றி ஓட்டுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கேபிள் டை ஒன்றைத் தண்டில் லேசாகக் கட்டி மேலே தள்ளி வைத்தால், ஓட்டி வந்தபின் எவ்வளவு ஆழம் போயிற்று என்று அது காட்டும். இருவரோடு ஓட்டும்போது எப்போதாவது ஒருமுறை கடைசியைத் தொட்டால் தவறில்லை, ஒவ்வொரு மேட்டிலும் தொட்டால் குமிழை ஏற்றுங்கள்.

இன்னொன்று, பின்பக்கம் அடங்கியதும் முன்ஃபோர்க் அமுங்கி வண்டி தலை குனிவது தெரியவரும். அது புதிதாக வந்த நோய் அல்ல, பின்னால் இருந்த ஆட்டத்தில் மறைந்திருந்தது. ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று பார்த்து வையுங்கள்.

ஸ்பேனர்செட்

போல்ட்டுகளை மேனுவல் டார்க்கில் இறுக்குங்கள், லாக் நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் செயின். வண்டி நிற்கும் உயரம் மாறினால் செயின் தளர்ச்சியும் மாறும். முன்ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், இருவர் உட்கார்ந்தால் அந்த நிலைக்குக் கிட்டே போகும். அதனால் சென்டர் ஸ்டாண்டில் பார்த்ததோடு விடாமல், இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது ஆளை விட்டுச் செயினைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும்.